ஒரே இரும்பில் ஒரு சுரண்டி

திருகோணமலை அன்புவழிபுரத்தில் ஐவியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அது அவளுடைய கணவன் இக்னேசியஸின் வெல்டிங் பட்டறை. முறிந்த நங்கூரம், வளைந்த சுக்கான் தண்டு, வெடித்த எஞ்சின் தாங்கி என்று வள்ளக்காரர் கொண்டுவருகிற இரும்பெல்லாம் அங்கேதான் ஒட்டுப்படும். அந்தக் கொட்டிலில் ஐவிக்கு வெகுகாலம் ஒரு வேலையும் இருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்று கூப்பிடுவாள், அவ்வளவுதான். அவளுடைய வேலை குச்சவெளிக்கு வடக்கே பற்றைக்காட்டுக்குள் இருந்தது. அவள் கண்ணிவெடி அகற்றுகிறவள்.

இருபத்தொன்பது வயதில் அந்த வேலைக்குப் போனாள். அதற்கு முன் ஆறு வருடம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சட்டைக் கழுத்து தைத்தவள். அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை கழுத்து என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் எல்லார் முன்னாலும் பேச்சுக் கேட்க வேண்டும். கண்ணிவெடிக் காட்டில் முதல் நாளே பயிற்றுவிப்பாளர் சொன்னது, அவசரப்படுகிறவருக்கு இங்கே இடமில்லை என்பது. மெல்ல, ஆறுதலாகச் செய் என்று சம்பளமும் தந்து சொல்லுகிற வேலை இது ஒன்றுதான் என்று ஐவி சிரித்துக்கொண்டு சொல்லுவாள். அவளுடைய அம்மாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவேயில்லை.

வேலை இப்படித்தான் நடக்கும். ஒரு மீற்றர் அகலத்துக்குக் கயிறு பிடித்த பாதையில், தடித்த கவச உடுப்பும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, இரும்பைக் கண்டால் கத்துகிற டிடெக்டரை நிலத்துக்கு மேலே மெல்ல ஆட்டிக்கொண்டு போக வேண்டும். அது கத்தினால் அந்த இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு டிடெக்டரைப் பின்னுக்கு வைக்க வேண்டும். பிறகு முழந்தாளில் இருந்து, அடையாளத்துக்கு ஒரு சாண் முன்னுக்கே தொடங்கி, மண்ணைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். மேலிருந்து குத்தக்கூடாது. நூறு தடவை கத்தினால் தொண்ணூற்றொன்பது தடவை ஆணி, தகரத்துண்டு, துவக்கால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோது. மிச்சம் ஒன்றுக்காகத்தான் இத்தனை பொறுமையும்.

அந்த மண்ணைச் சுரண்டுகிற கருவியை அவர்கள் சுரண்டி என்றே சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருகிற சாமான். நல்ல சாமான்தான், ஆனால் கனம். பின்னேரம் ஆகும்போது பெண்களின் மணிக்கட்டு வீங்கிவிடும். அந்தச் சுரண்டிகளும் தேயத் தேய எண்ணிக்கையில் குறைந்துகொண்டு வந்தன. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு நொடித்துப்போய், கப்பலில் எந்தச் சாமானும் ஒழுங்காக வராமல் நின்ற நேரம், கேட்டிருந்த பெட்டியும் வரவில்லை. பதினெட்டுப் பேருக்கு ஏழு சுரண்டி மிஞ்சியது. சிலர் மேசன் கரண்டியால் சுரண்டத் தொடங்கினார்கள்.

ஐவிக்குப் பக்கத்துப் பாதையில் வேலை செய்தவள் ஸல்ஹா. தோப்பூர்ப் பிள்ளை, இருபத்துநான்கு வயது, வேலைக்கு வந்து ஒரு வருடம். ஒரு நாள் அவளும் மேசன் கரண்டியோடு குந்தியிருப்பதை ஐவி கண்டாள். கரண்டியின் நுனிக்கும் ஸல்ஹாவின் விரலுக்கும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. கீழே வெடித்தால் கை போய்விடும். ஐவி அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். மறுநாள் மேசன் கரண்டி தடைசெய்யப்பட்டது. அதன்பிறகு ஏழு பேர் வேலை செய்ய, மற்றவர்கள் பாலைமர நிழலில் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

அந்தக் காணிக்குச் சொந்தக்காரர் குணரத்தினம் என்ற வயதான விவசாயி. நாலு ஏக்கர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போனவர், திரும்பி வந்தும் சொந்த நிலத்தில் கால் வைக்க முடியாமல் மகள் வீட்டில் இருந்தார். கிழமைக்கு ஒரு தரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு எல்லைக் கயிறுவரை வருவார். ஆட்கள் மர நிழலில் இருப்பதைப் பார்ப்பார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார். அவர் கேட்காமல் போனதுதான் ஐவிக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் முதன்முதலாக வேலைக்காகக் கொட்டிலுக்குள் போனாள். மண்ணில் ஒரு சுரண்டியை விரலால் வரைந்து காட்டினாள். இக்னேசியஸ் பழைய இரும்புக் கடையில் லொறியின் ஸ்பிரிங் பட்டை ஒன்றை நிறுத்து வாங்கிவந்தான். அதை அலகாக வெட்டி, தண்ணீர்க் குழாய்த் துண்டில் ஒட்டினான். மின்சாரம் இருந்த நேரத்துக்குள் வெட்டியும் ஒட்டியும் மூன்று நாளில் ஆறு சுரண்டி செய்தார்கள். வெளிநாட்டுச் சாமானைவிட இலேசு. வெள்ளை நிறம் பூசியதும் பார்க்கவும் வடிவாக இருந்தது.

அவற்றைச் சோதிக்க வந்தவர் சிவரூபன், நிறுவனத்தின் தொழில்நுட்ப அதிகாரி. அதிகம் கதைக்காத மனிதர். ஒன்றை எடுத்து முகாம் மேசையில் பூட்டியிருந்த வைஸ் பிடியில் இறுக்கினார். சம்மட்டியால் மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடிக்கு, ஒட்டிய இடத்தில் சுரண்டி முறிந்து அலகு பறந்துபோய் மரத்தில் பட்டது. ஐவி அதோடு விடுவார் என்று நினைத்தாள். அவர் இரண்டாவதை எடுத்து இறுக்கினார். பிறகு மூன்றாவதை. ஆறும் முறிந்தன. பதினேழு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெடிக்கிற நேரம் இந்த அலகு எங்க போகும் எண்டு யோசிச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு துண்டுகளை ஒரு உரப்பையில் போட்டு அவளிடமே கொடுத்தார்.

ஐவி அழவில்லை. ஆனால் அந்த மனிதரை வெறுத்தாள். ஒன்றை உடைத்துக் காட்டினால் போதாதா, எல்லார் முன்னாலும் ஆறையும் உடைக்க வேண்டுமா என்று வீட்டில் இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இக்னேசியஸ் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் மனம் நொந்துதான் இருந்தது, அது அவனுடைய ஒட்டு. ஆனால் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒட்டுக்குப் பக்கத்தில் பட்டையே பிஸ்கட் மாதிரி முறிந்திருக்கிறது, ஸ்பிரிங் இரும்பு சூட்டில் பழுதாகிவிட்டது, அவர் உடைத்தது சரிதான் என்று சொன்னான். அதற்காக அன்று முழுக்க ஐவி அவனோடும் பேசவில்லை.

வழி பிறந்தது மீன் சந்தையில். கனகம்மா என்பவள் அங்கே மீன் வெட்டிக்கொடுப்பவள். ஐவிக்காக அவள் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய கத்தியின் மரப்பிடி இரண்டாகப் பிளந்து விழுந்தது. கனகம்மா அதைச் சட்டைசெய்யவில்லை. பிடி இல்லாத கத்தியில் சாக்குத் துண்டைச் சுற்றி, மீதி மீனையும் வெட்டி முடித்தாள். ஐவி அந்தக் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அலகும் பிடிக்குள் போகிற தண்டும் ஒரே இரும்பு. எங்கேயும் ஒட்டு இல்லை. எதில் செய்தது என்று கேட்டாள்.

"லொறிப் பட்டைதான் பிள்ள. பன்ரெண்டு வருசமா இதாலதான் வெட்டிறன். பிடி எத்தினையோ போட்டுது, இரும்பு அப்பிடியே கிடக்கு."

ஐவி மீன் பையை மறந்துவிட்டு வந்துவிட்டாள். பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஓடிவந்து இக்னேசியஸிடம் சொன்னாள்: "வெல்டிங்கே வேண்டாம். அலகும் தண்டும் பிடியும் ஒரே துண்டா அடிப்பம்."

அது சொல்லுவதற்கு இலேசு. முழுப் பட்டையையும் பழுக்கக் காய்ச்சி, ஒரு முனையைத் தட்டி அகலமாக்கி, நடுவை ஒடுக்கி, மறுமுனையைப் பிடியாக வளைக்க வேண்டும். எரிவாயு கிடைக்காத காலம். சிரட்டைக்கரி மூட்டிக் காய்ச்சினார்கள். ஐவி கையால் சுற்றுகிற ஊதியைச் சுற்ற, இக்னேசியஸ் அடித்தான். முதல் இரண்டும் வெடிப்பு விழுந்து போயின. தண்ணீரில் தோய்த்து ஆற்றினால் முறுகிப்போகிறது என்று கண்டு, மூன்றாவதைச் சாம்பலுக்குள் புதைத்து மறுநாள்வரை விட்டார்கள். அது வளைந்தது, முறியவில்லை. பிடிக்கு முன்னால், கையை மறைக்க, லொறி ரயரிலிருந்து வட்டமாக வெட்டிய தடித்த றப்பரைக் கோத்தார்கள். தகரத்தில் மறைப்பு வைத்தால் அதுவே கிழிந்து கையை வெட்டும் என்று சொன்னது ஐவி. பிடிக்குப் பழைய தண்ணீர்க் குழாய் றப்பர். நீளம் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. அளவுகோல் தேடாமல் அவள் தன் கையையே பலகையில் வைத்துக் காட்டினாள்.

சிவரூபன் இந்தத் தடவையும் வைஸில் இறுக்கி அடித்தார். மூன்று அடி, ஐந்து அடி, பத்து அடி. சுரண்டி வளைந்து கொக்கி மாதிரி ஆனது. அவர் சம்மட்டியை வைத்துவிட்டு அதை நிமிர்த்த முயன்றார், முடியவில்லை. இன்னும் மூன்று செய்து தரும்படி கேட்டு, வெடிவைத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். ஆறு கிழமைக்குப் பிறகு அனுமதிக் கடிதம் வந்தது. பாராட்டாக ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. எத்தனை நாளில் இருபது தர ஏலும் என்று கேட்டார்.

புதுச் சுரண்டியோடு வேலை தொடங்கிய முதல் நாளே வேறொரு கரைச்சல் வந்தது. ஸல்ஹா தோண்டிய குழியில் ஒன்றுமே இல்லை, ஆனால் டிடெக்டர் விடாமல் கத்தியது. காலை முழுக்கத் தேடி, கடைசியில் கடுகைவிடச் சின்னக் கறுப்புப் பொருக்கு ஒன்றைக் கண்டுபிடித்தாள். அது காய்ச்சிய இரும்பிலிருந்து உதிர்ந்த பொருக்கு. தாங்கள் தோண்டுகிற கருவியே மண்ணில் பொய்ச் சத்தத்தை விதைத்துக்கொண்டு போகிறது. ஐவி இருபது சுரண்டியையும் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து, தென்னந்தும்பாலும் கடல் மண்ணாலும் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். இரண்டு நாள் ஸல்ஹாவும் வந்து தேய்த்தாள். அந்த இரண்டு நாளில்தான் அவர்கள் உண்மையாகப் பழகினார்கள். ஸல்ஹாவுக்கு வாப்பா இல்லை, உம்மாவும் இரண்டு தங்கைமாரும் அவளுடைய சம்பளத்தில் இருந்தார்கள் என்பதை ஐவி அப்போதுதான் அறிந்தாள்.

பத்து மாதம் நல்லபடி போனது.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று ஓகஸ்ட் மாதம், காலை ஒன்பதரை இருக்கும். ஐவி தன் பாதையில் முழந்தாளில் இருந்தாள். இடப்பக்கம் வெடித்தது. பெரிய சத்தம் இல்லை, தடித்த கதவொன்றை அடித்துச் சாத்தினது போல. பிறகு மண் இலைகளில் விழுகிற சத்தம். ஸல்ஹாவின் பாதைக்கு மேலே புழுதி எழும்பி நின்றது.

அப்படி ஒன்று நடந்தால் மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஓடக்கூடாது. மருத்துவ ஆட்கள் மட்டும் துப்புரவான வழியால் போவார்கள். விசில் ஊதும்வரை ஒருவரும் அசையக்கூடாது என்பது சட்டம், அது நல்ல சட்டம்தான் என்று ஐவிக்குத் தெரியும். அவள் எழும்பி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஸல்ஹாவின் கையில் இருந்தது தான் செய்த சுரண்டி. அது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. மாதாவே என்று தொடங்கினாள், அதற்கு மேல் செபம் வரவில்லை. முகக்கவசத்துக்கு உள்ளே கண்ணீர் வடிந்தது, துடைக்கக் கையை உள்ளே விட முடியாது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு அறிக்கையில் பதினொரு நிமிடம் என்று எழுதியிருந்தார்கள்.

விசில் ஊதியது. முகாமுக்கு வந்தபோது அம்புலன்ஸ் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. சிவரூபன் அவளை நோக்கி நடந்து வந்தார். அவருடைய கையில் சுரண்டி இருந்தது. அலகு ஒரு பக்கம் கிழிந்து சுருண்டு, தண்டு பின்னுக்கு வளைந்து, றப்பர் வட்டம் முழுக்கக் கரிபிடித்துக் கிடந்தது.

"கை இருக்கு," என்றார். "அஞ்சு விரலும் இருக்கு. மணிக்கட்டில வீக்கம், தோலில கொஞ்சம் கல்லுப் பட்டிருக்கு. காது கொஞ்ச நாளைக்கு இரையும். அந்தப் பிள்ளை தானா எழும்பி நடந்துதான் வந்தது."

ஐவி நிலத்தில் இருந்துவிட்டாள். அவர் சுரண்டியை அவளுடைய மடியில் வைத்தார். ஒரு துண்டும் குறையவில்லை என்று அவள் விரலால் தடவிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள். அந்த மிதிவெடியை மரவேர் ஒன்று தள்ளிச் சரித்து வைத்திருந்திருக்கிறது, அமுக்குகிற பக்கம் ஸல்ஹாவைப் பார்த்தபடி. அவள் பிழையாக ஒன்றும் செய்யவில்லை என்று விசாரணையில் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் வாகனத்தில் ஏறுவதற்கு முன் ஐவி சிவரூபனிடம் போனாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவள் தேவைக்கு மட்டும் பேசிவந்த மனிதர்.

"சேர், அண்டைக்கு ஆறையும் உடைச்சீங்களே. ஒண்டோட நிப்பாட்டியிருந்தா, மிச்சம் அஞ்சையும் நல்லதெண்டு நினைச்சுக் குடுத்திருப்பன். அதுக்கு நான் நன்றி சொல்லேல்ல."

அவர், வேறொரு மாவட்டத்தில் முறிந்த அலகு ஒன்று ஒருவரின் கழுத்தில் ஏறியதைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். "உடைக்கிறது எனக்குக் கஸ்டமில்லை. நீங்கள் கோவிச்சுக்கொண்டு விட்டிருந்தா என்ர கையில ஒண்டும் இருந்திராது. திரும்பச் செய்துகொண்டு வந்தனீங்கள்."

இரண்டு கிழமை கழித்து ஸல்ஹாவும் அவளுடைய உம்மாவும் தோப்பூரிலிருந்து பஸ் மாறி அன்புவழிபுரத்துக்கு வந்தார்கள். உம்மாவின் பெயர் றுக்கியா. கையில் ஒரு பெரிய சட்டி நிறைய இனிப்பு வட்டிலப்பம். கதிரையில் இருக்கச் சொல்லியும் அவர் இருக்கவில்லை. ஐவியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மருத்துவர் தன்னிடம் சொன்னதைத் திரும்பச் சொன்னார்: நீளம் குறைந்த கருவியாக இருந்திருந்தால் முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சியிராது என்று. இரும்பு அடித்தவரையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இக்னேசியஸ் வெட்கத்தில் கொட்டிலை விட்டு வரவில்லை. றுக்கியா தானே கொட்டிலுக்குள் போய், கரிக்கும் சாம்பலுக்கும் நடுவே நின்று கையேந்தித் துஆக் கேட்டார். இக்னேசியஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவ்வளவு நன்றியும் தனக்கு மட்டும் வந்தது ஐவிக்குப் பாரமாக இருந்தது. வட்டிலப்பத்தில் பாதியை எடுத்து வைத்தாள். கால்வாசி சிவரூபனுக்கு. மற்றக் கால்வாசியைக் கிண்ணத்தில் போட்டு மீன் சந்தைக்குக் கொண்டுபோனாள். கனகம்மாவுக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. பிடி பிளந்த நாள் எது என்றுகூட அவளுக்கு நினைவில்லை. ஐவி முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு கையைக் கழுவித் துடைத்து, கிண்ணத்தை வாங்கி, ஒரு பிள்ளையின் கைக்குத் தன் கத்தியும் உதவியிருக்கிறதே என்று பக்கத்துக் கடைக்காரிகளுக்கெல்லாம் சொல்லி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். தனக்குக் கடைசியில் ஒரு விரல் அளவுதான் மிஞ்சியது.

ஸல்ஹா மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். றுக்கியா வேண்டாம் என்றுதான் சொன்னார். போகச் சொல்லி ஐவி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அது அவளே எடுத்த முடிவு. முதல் நாள் அவள் சுரண்டியைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிட்டாள். மேற்பார்வையாளர் அவளை அரைநாள் தண்ணீர் வண்டியடியில் இருக்கவிட்டார். மூன்றாம் நாள் பாதைக்குள் போனாள்.

அந்தச் சுரண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு வேறு குழுக்களும் கேட்டார்கள். இக்னேசியஸ் ஒருவனால் அத்தனையும் அடிக்க ஏலாது. யாராவது கேட்டால் ஐவி ஒரு கொப்பித் தாளில் படம் கீறி, எப்படிக் காய்ச்சுவது, எத்தனை நேரம் சாம்பலில் வைப்பது, பொருக்கை எப்படித் தேய்ப்பது என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுவாள். எந்த ஊரிலும் பழைய லொறிப் பட்டையும் ரயரும் கிடைக்கும், கொல்லன் ஒருவன் இருப்பான், அது போதும் என்பாள். ஒரு வரியின் கீழ் மட்டும் இரண்டு தடவை கோடு போடுவாள்: செய்தவர் கண் முன்னால் உடைத்துப் பார்க்க வேண்டும்.

குணரத்தினத்தின் காணி இந்த வருடம் தை மாதம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மொத்தம் நாற்பத்தொரு மிதிவெடி எடுத்திருந்தார்கள். அதிகாரிகள் பேசி முடித்து, கடிதத்தைக் கையில் கொடுத்த பிறகு, குணரத்தினம் எல்லாரையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மறித்தார். பாலைமரத்தடியில் பாய் விரித்து வாழையிலை போட்டிருந்தார்கள். சோறு, சூரை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். அவருடைய மகள் பரிமாறினாள். அவர் ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். நன்றி என்று அவர் சொல்லவில்லை, இன்னும் கொஞ்சம் போடு என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஐவிக்கு எதிர்ப்பக்கத்தில் ஸல்ஹா இருந்தாள். பிஸ்மி சொல்லிவிட்டு, வலக்கையால் சோற்றையும் குழம்பையும் சேர்த்துப் பிசைந்து, முள்ளை விரலால் ஒதுக்கி, உருட்டி வாயில் வைத்தாள். புறங்கையில் கல் பட்ட தழும்புகள் நாலைந்து, மிளகு தூவினது போல இருந்தன. ஐவி தன் இலையை மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சாப்பிடுங்க, ஆறுது," என்றாள் ஸல்ஹா.

"ஓம் ஓம்," என்று சொல்லிவிட்டு ஐவி சாப்பிடத் தொடங்கினாள். குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவள் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.